வந்தது திருடனா, வீட்டுக்காரரா? ஓல்ட்ஸ்மார் குடிநீர் நிலையம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி வாக்கு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் டாம்பா விரிகுடாவை ஒட்டி ஓல்ட்ஸ்மார் என்று ஓர் ஊர். சுமார் 15,000 பேர் வாழ்கிறார்கள். அந்த ஊர்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பணியில் இருந்த ஆபரேட்டர், தன் முன்னால் இருக்கும் கணினிக்குள் யாரோ வெளியிலிருந்து வந்து போவதைப் பார்த்தார். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேற்பார்வையாளர் அடிக்கடி அப்படி நுழைந்து நிலவரம் பார்ப்பது அங்கே வழக்கம்தான்.

மதியம் ஒன்றரை மணிக்கு மறுபடியும் அதே கதை. இம்முறை மௌஸ் அம்புக்குறி தானாக நகர்ந்தது, ஒவ்வொரு திரையாகத் திறந்தது. மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். போகும் முன் ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் போனது. தண்ணீரில் கலக்கும் சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) என்று இருந்தது 11,100 பிபிஎம் ஆனது. நாம் காஸ்டிக் சோடா என்று சொல்லும் அதே சரக்குதான். குறைந்த அளவில் தண்ணீரின் அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தும். அளவு ஏறினால் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்க ஊற்றும் திரவத்தின் வேலையைச் செய்யும். ஆபரேட்டர் உடனே பழைய எண்ணுக்கு மாற்றினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை மாவட்ட ஷெரிஃப் பாப் குவால்டியேரி செய்தியாளர்களைச் சந்தித்தார். மாற்றப்பட்ட நீர் குழாய்களுக்கு வந்து சேர 24 முதல் 36 மணி நேரம் ஆகியிருக்கும், அதற்குள் வேறு உணர்கருவிகள் காட்டிக்கொடுத்திருக்கும் என்று அவர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்து நகரமான டாம்பாவில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் நடந்து முடிந்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. ‘ஒரு ஊரின் குடிநீரில் விஷம் கலக்க முயன்ற ஹேக்கர்’ என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

இந்த நிகழ்வை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் அந்த 11,100 என்ற எண்ணில் போய் நிற்பார்கள். எனக்கு உறுத்துவது காலை எட்டு மணிதான். யாரோ உள்ளே வந்ததைக் கண்ணால் பார்த்த மனிதருக்கு, வந்தவர் மேற்பார்வையாளரா வெளியாளா என்று அறிய வழியே இல்லை. அவர் கவனக்குறைவானவர் இல்லை. அந்த அமைப்பில் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

உள்ளே என்ன இருந்தது

அடுத்த சில நாட்களில் மாசசூசெட்ஸ் மாநிலச் சுற்றுச்சூழல் துறை, தன் மாநிலக் குடிநீர் நிலையங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது. ஓல்ட்ஸ்மாரின் உள்கதை ஓரளவு வெளியே தெரிந்தது அதில்தான். நிலையப் பணியாளர்கள் பயன்படுத்திய எல்லாக் கணினிகளும் ஸ்கேடா எனப்படும் கட்டுப்பாட்டு அமைப்போடு இணைந்திருந்தன. எல்லாவற்றிலும் 32 பிட் விண்டோஸ் 7. வெளியிலிருந்து நுழைய டீம்வியூவர் என்ற மென்பொருள். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல். வெளி இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் எதுவும் இல்லாமல் நேரடியாக இணையத்தில் இருந்ததாகத் தெரிகிறது என்றும் அந்தக் குறிப்பு சொன்னது. டீம்வியூவரைப் பயன்படுத்துவதை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிவிட்டது, மென்பொருளை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றும் பின்னால் செய்திகள் வந்தன.

விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றே நிறுத்திவிட்டது. சம்பவம் நடந்தபோது அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இதைப் படிக்கும் கணினிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நானும் அடித்துக்கொண்டேன். அப்புறம், நம் ஊரில் எத்தனை அலுவலகங்களில் கணக்கு மென்பொருள் ஓடும் கணினிக்கு எனிடெஸ்க் (டீம்வியூவர் போன்றதே) எண்ணும் கடவுச்சொல்லும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஆடிட்டர், கணக்குப்பிள்ளை, மென்பொருள் விற்றவர், முதலாளியின் மகன் என்று நாலு பேருக்கும் அதே சீட்டுதான். ஃப்ளோரிடாவைப் பார்த்துச் சிரிக்க நமக்குப் பெரிய உரிமை இல்லை.

ஏன் அப்படி வைத்திருந்தார்கள்

சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது நியாயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது.

முதலில் விண்டோஸ் 7. கட்டுப்பாட்டு மென்பொருள் வாங்கும்போது அது குறிப்பிட்ட விண்டோஸ் பதிப்போடு சேர்த்துச் சோதித்துத் தரப்படும். விண்டோஸை மட்டும் மாற்ற முடியாது. மென்பொருளின் புதுப் பதிப்பு வேண்டும், அதற்குப் புது உரிமம் வேண்டும், பழைய கட்டுப்பாட்டுக் கருவியோடு பேசும் டிரைவர் புதியதில் வேலை செய்ய வேண்டும், நிறுவித் தர ஆள் வர வேண்டும், இத்தனையும் நடக்கும்போது தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். அலுவலக லேப்டாப்பை மாற்றுவது போன்ற வேலை இல்லை இது. ஆலைகளில் இயந்திரத்தின் ஆயுள் இருபது முப்பது ஆண்டு. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் விண்டோஸின் ஆயுள் பத்து ஆண்டு. இந்தக் கணக்கு எங்கேயும் ஒத்துப்போகாது. அதனால்தான் எந்த நிறுவனத்திலும் பழையதும் புதியதும் கலந்தே கிடக்கின்றன.

அடுத்தது டீம்வியூவர். இது பிரபலமானதற்குக் காரணம், நெட்வொர்க் தெரிந்த ஆள் யாரும் தேவையில்லை என்பதே. உள்ளே இருக்கும் கணினியே வெளியே போய் இணைந்துகொள்ளும். வெளியிலிருந்து வர எந்தப் போர்ட்டையும் (நெட்வொர்க் வழி) திறக்க வேண்டாம். நள்ளிரவில் எச்சரிக்கை மணி அடித்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஷிஃப்டுக்கு ஓரிருவர் மட்டும் இருக்கும் சிறிய நிலையத்தில், கணினிக்கென்று தனி ஆள் வைக்காத ஊரில், தொலைவிலிருந்து பார்க்கும் வசதி ஆடம்பரம் அல்ல. அதை மூடிவிட்டால் பாதுகாப்பு கூடும் என்பதும் நிச்சயம் இல்லை. இரவில் எவரும் பார்க்காத பம்பும் ஆபத்துதான்.

ஒரே கடவுச்சொல்லுக்கும் காரணம் உண்டு. கட்டுப்பாட்டு அறைத் திரை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். மணி அடிக்கும் நேரத்தில் ஆபரேட்டர் கடவுச்சொல் தட்டிக்கொண்டிருக்க முடியாது, ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் வெளியேறி நுழையவும் முடியாது. ஆகவே அறைக்குள் பொது லாகின் இருப்பது தவறில்லை என்பதே என் கருத்து. அறைக்குள் யார் இருக்கிறார் என்பதை வருகைப் பதிவேடு சொல்லும், வாசல் பூட்டு சொல்லும், பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார். ஓல்ட்ஸ்மாரில் தவறு நடந்தது, அறைக்குள் இருப்பவருக்கான சலுகையை அறைக்கு வெளியே இருந்து வருபவருக்கும் அப்படியே நீட்டியதில். வெளியிலிருந்து வருபவரை யாரும் பார்ப்பதில்லை. அவருக்குப் பெயர் கட்டாயம் வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்து

2023 மார்ச்சில் கதை தலைகீழானது. சம்பவத்தின்போது ஓல்ட்ஸ்மாரின் நகர மேலாளராக இருந்த ஆல் பிரெய்த்வெய்ட் ஒரு மாநாட்டில் பேசும்போது, அது ஹேக்கிங்கே அல்ல என்றார். எண்ணைத் திருப்பி மாற்றியதற்காகப் பாராட்டுப் பெற்ற அந்த ஊழியரே தவறுதலாக விசைப்பலகையில் எதையோ தட்டியிருக்கலாம் என்ற முடிவுக்குத்தான் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வந்தது, இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்ட ஒன்றுமில்லாத விஷயம் அது என்பது அவர் சொன்னதன் சாரம். அதையொட்டி எஃப்பிஐ தந்த விளக்கம் இன்னும் எச்சரிக்கையானது. வெளியிலிருந்து குறிவைத்து நடந்த ஊடுருவல்தான் இதைத் தொடங்கிவைத்தது என்று தங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்று மட்டும் சொன்னது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொழிற்துறைக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டிராகோஸ் 2021 மே மாதம் ஒரு தகவலை வெளியிட்டது. ஃப்ளோரிடாவில் குடிநீர்க் கட்டமைப்பு வேலை செய்யும் ஒப்பந்ததாரர் ஒருவரின் வலைத்தளத்தில், வருகிறவர்களின் கணினி விவரங்களைச் சேகரிக்கும் கள்ள நிரல் பொதிந்திருந்தது. ஓல்ட்ஸ்மார் நகர நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினி அந்தத் தளத்துக்குப் போயிருக்கிறது. எப்போது? அதே பிப்ரவரி 5, காலை 9:49க்கு. எட்டு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் நடுவில்! துப்பறியும் கதையாக இருந்தால் இங்கேயே குற்றவாளியைப் பிடித்திருப்பார்கள். டிராகோஸ் ஆராய்ந்து பார்த்து, இதற்கும் நிலையத்தில் நடந்ததற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றே முடிவு சொன்னது. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது.

சரி, அப்படியானால் இந்த நிகழ்வு ஆய்வுக்கே லாயக்கில்லையா? ஹேக்கிங் இல்லை என்றால் பாடமும் இல்லை என்று பலர் அன்றோடு இதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நான் எதிர்ப்பக்கம். ஒரு நாட்டின் முதன்மைப் புலனாய்வு அமைப்பு விசாரித்தும், வந்தது வெளியாள்தான் என்று உறுதிசெய்யும் சான்று கிடைக்கவில்லை. ஷெரிஃப் ஊடுருவல் என்று அறிவித்ததற்கும் நகர மேலாளர் மறுத்ததற்கும் நடுவில் இரண்டு ஆண்டு ஓடியிருக்கிறது. எல்லோரும் ஒரே சாவியைப் பயன்படுத்தும் வீட்டில் பொருள் காணாமல் போனால் பூட்டைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? பூட்டு திறந்தது என்று தெரியும். திறந்த கை யாருடையது என்று தெரியாது. நிரபராதியான ஊழியருக்கும் இது ஆபத்து. தான் செய்யவில்லை என்று காட்ட அவரிடம் ஒன்றும் இருக்காது.

மறந்துபோன கதவும் விட்டுப்போன கதவும்

ஓல்ட்ஸ்மாருக்கு மூன்று மாதம் கழித்து, 2021 மே 7 அன்று, அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் 5,500 மைல் நீளக் கலோனியல் பைப்லைன் மூடப்பட்டது. இங்கே சந்தேகம் எதுவும் இல்லை; டார்க்சைட் என்ற பணப்பறிப்புக் கும்பல். நுழைந்தது வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன்னின் பழைய கணக்கு ஒன்றின் வழியாக. அந்தக் கணக்கை யாரும் பயன்படுத்தவில்லை, ஆனால் உயிரோடு இருந்தது. கடவுச்சொல்லுக்கு மேல் ஓடிபி போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கிடையாது. நிறுவனத்தின் தலைவர் ஜூன் மாதம் செனட் குழு முன் சாட்சி சொன்னபோது, கடவுச்சொல் எளிதானது அல்ல, சிக்கலானதுதான் என்று வலியுறுத்தினார். இருக்கலாம். சிக்கலான கடவுச்சொல்லும் ஒருமுறை கசிந்துவிட்டால் எளிதான கடவுச்சொல்தான். 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கைமாறியது. அதில் பெரும்பகுதியை அமெரிக்க நீதித்துறை பின்னால் மீட்டது.

2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனம். திருடப்பட்ட லாகினை வைத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத சிட்ரிக்ஸ் என்ற தொலை நுழைவு மென்பொருளின் ஒரு வாசல் வழியாக 12ஆம் தேதி உள்ளே வந்தார்கள். 21ஆம் தேதி எல்லாவற்றையும் பூட்டினார்கள். தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த் இதை வாங்கியது 2022இல்தான். வெளியே பார்க்கும் எல்லா வாசலுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வேண்டும் என்று கொள்கை இருந்தது. வாங்கிய நிறுவனத்தின் பழைய தொழில்நுட்பத்தைப் புதியதாக மாற்றும் வேலை பாதியில் இருந்தது. இந்த ஒரு வாசல் விட்டுப்போயிற்று.

ஓல்ட்ஸ்மாரில் நிறுத்திய பின்னும் அழிக்காத டீம்வியூவர், கலோனியலில் யாரும் தொடாத விபிஎன் கணக்கு, சேஞ்சில் கொள்கைக்கு வெளியே நின்ற ஒரு சர்வர். இந்தக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தால் அன்றாட வேலை எதுவும் நின்றிருக்காது என்பதைக் கவனியுங்கள், குறைந்தது முதல் இரண்டில்.

பழையதும் புதியதும் ஒரே கூரையின் கீழ்

இனி சர்வர்களைப் பராமரிக்கும் நம் தொழிலுக்கு வருவோம். பாதுகாப்பை இறுக்கும்போது பழைய சர்வர் என்ன செய்யும் என்பதற்கு 2018 மே மாதத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. விண்டோஸில் வேறு கணினியின் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின்போது லாகின் விவரத்தை சர்வருக்குக் கொண்டு சேர்க்கும் கிரெட்எஸ்எஸ்பி என்ற நெறிமுறையில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச்சில் திருத்தம் வந்தது. மே 8 அன்று வந்த அப்டேட், அதை எல்லோருக்கும் இயல்பாகவே இறுக்கியது. அப்டேட் போட்ட கணினியிலிருந்து, மார்ச் திருத்தம் போடாத சர்வருக்குள் நுழைய முடியாது. காலையில் வந்து பார்த்தால், தானாக அப்டேட் ஆன நிர்வாகியின் லேப்டாப் ஒரு பக்கம், மாதக்கணக்கில் அப்டேட் பார்க்காத சர்வர் மறுபக்கம். திருத்தம் போட உள்ளே போக வேண்டும். உள்ளே போகத் திருத்தம் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்பார்களே, அதேதான்.

அன்று பரவலாகக் கைமாறிய தீர்வு என்ன? லேப்டாப்பில் ஒரு அமைப்பை மாற்றிப் பாதுகாப்பைப் பழைய நிலைக்குத் தளர்த்துவது. ஒரு நிமிட வேலை. ஒரு பழைய சர்வருக்காகத் தளர்த்தியது, அந்த லேப்டாப் இணையும் எல்லா சர்வருக்கும் தளர்ந்துவிட்டது. சர்வரைச் சரிசெய்த பின் திரும்ப இறுக்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். மெய்நிகர் சர்வராக இருந்தால் அதை ஓட்டும் ஹைப்பர்வைசரின் கன்சோல் வழியாக உள்ளே போய்த் திருத்தம் போட்டிருக்கலாம். தனி இயந்திரம் என்றால் எழுந்து நடந்து போக வேண்டும். இரண்டாவது வழி சற்று அலுப்பு. ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடும்.

லினக்ஸ் பக்கமும் இதே கதைதான். சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 2021இல் வந்த 8.8 பதிப்பு, எஸ்எச்ஏ-1 என்ற பலவீனமான முறையில் அமைந்த பழைய ஆர்எஸ்ஏ கையொப்பத்தை (இரு பக்கமும் தம்மை அடையாளம் காட்டுவது) இயல்பாக மறுக்கத் தொடங்கியது. சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸில் இருப்பதோ ஓப்பன்எஸ்எஸ்எச் 5.3. அதற்குப் புதிய ஆர்எஸ்ஏ கையொப்ப முறைகள் தெரியாது. ஆதரவு 2020 நவம்பரில் முடிந்த அந்தப் பதிப்பு இன்னும் ஏதாவது ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்குள் போக, பழைய முறையை அனுமதி என்று லேப்டாப்பின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை எங்கே சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லா சர்வருக்கும் பொருந்தும் பகுதியில் போட்டால் கிரெட்எஸ்எஸ்பி கதை. அந்த ஒரே ஒரு சர்வரின் பெயருக்குக் கீழே போட்டால், விதிவிலக்கு அதன் எல்லைக்குள்ளேயே இருக்கும். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள்: யார் சேர்த்தது, எதற்காக, எந்தத் தேதியில் மறுபடி பார்க்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் வரும். ரெட்ஹாட் லினக்ஸ் 9 போன்ற புதிய வெளியீட்டில் எஸ்எச்ஏ-1 கையொப்பத்தை அமைப்பு முழுவதற்குமான கொள்கையே தடுக்கிறது. எஸ்எஸ்எச் கோப்பில் மட்டும் எழுதினால் போதாது. அப்போது அந்தக் கொள்கையைத் தளர்த்த ஒரு தனி இயந்திரத்தை ஒதுக்குவது நல்லது, எல்லோரும் புழங்கும் இயந்திரத்தில் கைவைக்க வேண்டாம்.

ஆகவே கலவையான இடத்தில் நான் பரிந்துரைப்பது பழைய சர்வர்களைப் பாதுகாப்பது அல்ல. அவற்றை யாரும் நேரடியாகத் தொட முடியாமல் செய்வது. நடுவில் ஒரு இயந்திரம், ஜம்ப் சர்வர். வெளியிலிருந்து வருபவர் அதில் மட்டும்தான் நுழையலாம். அங்கே அவரவர் பெயரில் கணக்கு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, யார் எப்போது எங்கே போனார் என்ற லாக். பழைய விண்டோஸ் 7 கணினியின் ஃபயர்வாலோ, அதற்கு முன்னால் நிற்கும் ஸ்விட்சோ, ஜம்ப் சர்வரின் முகவரியிலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும். பழைய கணினிக்கு ஓடிபி என்றால் என்ன என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வாசலுக்குத் தெரிந்தால் போதும். உள்ளே பொது லாகினே இருந்தாலும், வாசல் லாகில் பெயர் இருக்கும்.

செலவு? அப்பாச்சி குவாகமோலி என்ற கட்டற்ற மென்பொருள் ரிமோட் டெஸ்க்டாப், விஎன்சி, எஸ்எஸ்எச் ஆகிய மூன்று தொலை இணைப்பு முறைகளையும் பிரௌசருக்குள் தரும். ஓடிபி சேர்க்கலாம், அமர்வைப் பதிவு செய்யலாம். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு ஓட்டிவிடலாம். அதை நேரடியாக இணையத்தில் வைக்காமல் ஒரு விபிஎன்னுக்குப் பின்னால் வைப்பது மேல். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் கர்னல் 5.6இலிருந்து வயர்கார்ட் என்ற விபிஎன் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, அமைப்பது எளிது. ஆனால் வயர்கார்டின் சாவி ஆளுக்கு அல்ல, கருவிக்கு. லேப்டாப் தொலைந்தால் சாவியும் தொலைந்தது. அதனால்தான் உள்வாசலில் ஆளைக் கேட்கும் ஓடிபி.

ஓடிபி என்றதும் குறுஞ்செய்தி என்று நினைக்க வேண்டாம். செல்பேசிச் செயலி உருவாக்கும் எண்ணுக்கு இணையமே தேவையில்லை. நேரம் சரியாக இருந்தால் போதும். நேரம்தான் சிக்கலே. எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். இணையத்திலிருந்து பிரித்து வைத்த நெட்வொர்க்கில் சர்வரின் கடிகாரம் மெல்ல மெல்ல விலகும். ஒருநாள் எல்லோருடைய எண்ணும் தவறு என்று சொல்லும். நள்ளிரவில் பம்ப் நின்றிருக்கும்போது இது நடந்தால், அடுத்த வாரமே யாராவது பழையபடி டீம்வியூவரை நிறுவிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடிகாரத்தைச் சரியாக வைக்க உள்ளேயே ஒரு நேர சர்வர் வேண்டும். அதோடு, எல்லாம் கைவிட்ட நேரத்துக்கு ஒரு அவசரக் கணக்கும் வேண்டும். கடவுச்சொல்லை ஒட்டிய உறையில் போட்டு நிலையத்தின் பெட்டகத்தில் வையுங்கள். உறையைக் கிழித்தால் கிழிந்தது தெரியும்.

லாகைப் பற்றி ஒன்று. ஜம்ப் சர்வரின் லாக் ஜம்ப் சர்வரிலேயே இருந்தால், அதைப் பிடித்தவர் லாகையும் அழித்துவிடுவார். வேறொரு இயந்திரத்துக்கு உடனுக்குடன் அனுப்ப வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமும் இல்லை. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பட்டியலில் உள்ள சம்பவம் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். யார் வந்தார் என்றே தெரியாதவர் ஆறு மணி நேரத்தில் என்ன எழுதித் தருவார்?

எண்ணுக்கு ஒரு வேலி

இவ்வளவும் வாசலைப் பற்றி. ஓல்ட்ஸ்மாரில் இதைவிட மலிவான ஒன்று எதையும் தடுத்திருக்கும். 100 என்று இருக்கும் இடத்தில் 11,100 என்று தட்டினால் அதை ஏன் அமைப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும்? எந்த நிலைமையிலும் அந்த அளவு தேவைப்படாது. கட்டுப்பாட்டுக் கருவியிலேயே ஓர் உச்சவரம்பு வைத்திருந்தால், தட்டியது ஹேக்கரோ, மேற்பார்வையாளரோ, விசைப்பலகையில் இடித்த முழங்கையோ, விளைவு ஒன்றுதான்.

சம்பவம் வெளியே தெரிந்த சில நாட்களில், பிப்ரவரி 11 அன்று, அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஸா, எஃப்பிஐ உள்ளிட்டவை சேர்ந்து வெளியிட்ட அறிவுரையில் இந்தத் திசையில் ஒரு பத்தி இருக்கிறது. ரசாயன பம்பின் அளவு, ரசாயனத் தொட்டியின் அளவு, வால்வுகளின் பற்சக்கரம், அழுத்த ஸ்விட்ச் என்று கணினியைச் சாராத தடைகளை வையுங்கள் என்கிறது அது. பம்ப் சிறியதாக இருந்தால் திரையில் எந்த எண்ணைப் போட்டாலும் அதற்கு மேல் ஊற்ற முடியாது. அந்த அறிவுரையில் விண்டோஸ் 7, கடவுச்சொல் பற்றி எல்லாம் நிறைய இருக்கிறது. எனக்குப் பிடித்தது இந்தப் பத்திதான். கணினி ஆள் இல்லாத ஊரிலும் பிளம்பர் இருப்பார்.

கூடவே இன்னொரு கேள்வி. தொலைவிலிருந்து வருபவர் எண்ணை மாற்றத்தான் வேண்டுமா? மாசசூசெட்ஸ் குறிப்பின்படி டீம்வியூவர் இருந்தது, நிலவரம் பார்க்கவும் எச்சரிக்கை மணிக்குப் பதில் சொல்லவும் பணியாளர்கள் பயன்படுத்திய கணினிகளில் ஒன்றில். பார்ப்பதற்குப் பார்க்க மட்டும் முடிகிற திரை போதும். மாற்ற வேண்டுமென்றால் பணியில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லலாம். இரவில் யாருமே இல்லாத நிலையத்தில் இது நடக்காது என்பது உண்மை. அங்கே சில எண்களை மட்டும், வரம்புக்குள், மாற்ற விடலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் இதுதான். பலர் கேட்பதே இல்லை, ஏனென்றால் டீம்வியூவர் போட்டதும் முழுத் திரையும் முழு மௌஸும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

அதன்பின்

பிரெய்த்வெய்ட் பேசிய அதே 2023 மார்ச்சில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு குறிப்பாணை வெளியிட்டது. மாநிலங்கள் குடிநீர் நிலையங்களில் வழக்கமாகச் செய்யும் சுகாதார ஆய்வில் இனி கணினிப் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும் என்றது. மிசூரி, ஆர்கன்சா, அயோவா மாநிலங்கள் வழக்குப் போட்டன. குடிநீர் நிலையங்களின் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. முகமைக்கு இப்படிச் சொல்ல அதிகாரம் இல்லை, சிறிய ஊர்களால் இந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது அவர்கள் பக்கம். ஜூலையில் நீதிமன்றம் தடை விதித்தது. அக்டோபரில் முகமை குறிப்பாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நவம்பர் 25 அன்று, பென்சில்வேனியா மாநிலத்தின் அலிக்விப்பா ஊரில், குடிநீர் அழுத்தத்தைக் கவனிக்கும் ஒரு துணை நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கருவி நின்றுபோனது. பணியாளர்கள் கையால் இயக்கும் முறைக்கு மாறினார்கள். தண்ணீருக்கு ஆபத்து இல்லை. கருவி யூனிட்ரானிக்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனம் செய்தது. இணையத்துக்குத் திறந்திருந்த இவ்வகைக் கருவிகளில் தொழிற்சாலையிலிருந்து வரும் 1111 என்ற கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள் என்று சிஸா எல்லோரையும் கேட்டுக்கொண்டது. இம்முறை வந்தது வெளியாளா உள்ளாளா என்று யாரும் இரண்டு ஆண்டு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வந்தவர்களே திரையில் தங்கள் குழுவின் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.